ஒட்டு வெண்டை "30 சதம் கூடுதல்" என்கிறார்கள்: எதைவிடக் கூடுதல்?

கிணத்துமேடு

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கால ஒண்ணேகால் ஏக்கர், கிணத்துப் பாசனம். வருசத்துக்கு ரெண்டு தடவை வெண்டை போடுறவன். ரெண்டு சந்தேகம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணு. விதைக்கடையில புது ஒட்டு ரகம் ஒண்ணைக் காட்டி "30 சதம் கூடுதல் மகசூல், சீக்கிரமே காய்ப்புக்கு வந்துரும்"னு சொல்றாங்க. விலையைக் கேட்டா சாதா ரக விதையைவிடப் பல மடங்கு. முப்பது சதம் கூடுதல்னா எதைவிடக் கூடுதல்? நான் போன தடவை போட்டதும் ஒட்டு ரகம்தான், அதைவிடவா? இல்ல எங்கப்பா காலத்து பூசா சவானியைவிடவா? கடைக்காரர்கிட்ட கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியல.

ரெண்டு. போன ஆடியில போட்ட ஒட்டு ரகத்துல பதினஞ்சு செடியை விதைக்குன்னு விட்டேன். அந்த விதையை இந்த மாசியில ஆறு பார் ஊனினேன். மீதி நிலம் முழுக்க அதே ரகம், புதுப் பொட்டலம். ரெண்டும் ஒரே நாள்ல ஊனினது, ஒரே தண்ணி, ஒரே எரு. இன்னைக்கு முப்பத்தஞ்சு நாள். பொட்டல விதை படைக்கு நிக்கிற ஆளுங்க மாதிரி ஒரே உசரத்துல நிக்குது. என் விதையில ஒரு செடி முழங்காலுக்கு மேல, பக்கத்துச் செடி ஒரு சாண். ரெண்டு செடி பூ விட்டாச்சு, சிலதுல மொட்டே இல்ல. நாலஞ்சுல இலை நரம்பு மஞ்சளா ஓடுது. பொட்டல விதைப் பக்கம் அந்த மஞ்ச நோய் எட்டிப் பாக்கல. நான் விதை எடுத்த விதம் தப்பா, இல்ல விதையே அப்படித்தானா?

மரபியல்மாணவி

அண்ணா, உங்கள் முதல் கேள்வியை எங்கள் துறையில் இருப்பவர்களே அடிக்கடி கேட்க மறந்துவிடுகிறார்கள். வெண்டையில் ஒட்டுச் சேர்த்து, மகசூலும் முந்திக் காய்ப்பதும் எப்படி வருகிறது என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு வேறு வேறு வழிகளை, அதாவது குணம் மாறாமல் வரும் செடி வம்சங்களை, சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறையை ஒட்டு அல்லது எஃப்-1 என்கிறோம். அது பெற்றோரைவிட மேலாக வந்தால் அந்த மேன்மைக்குத்தான் ஒட்டு வீரியம் என்று பெயர். அதை மூன்று விதமாக அளப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானே எடுத்துக்கொண்டவை, விளங்குவதற்காக.

தாய்ச் செடி 300 கிராம் காய்க்கிறது. தந்தைச் செடி 400 கிராம். ஒட்டுச் செடி 460 கிராம்.

தாய் தந்தை இரண்டின் சராசரி 350. அதோடு வைத்துப் பார்த்தால் ஒட்டு 31 சதம் கூடுதல். இரண்டில் நல்லதான தந்தையோடு வைத்துப் பார்த்தால் 15 சதம்தான் கூடுதல். இப்போது உங்கள் ஊரில் எல்லோரும் போடும் ரகம் செடிக்கு 440 கிராம் காய்க்கிறது என்றால், அதைவிட 4.5 சதம் மட்டுமே கூடுதல்.

செடி ஒன்றுதான், காயும் அதே காய்தான். ஆனால் 31 என்றும் சொல்லலாம், 15 என்றும் சொல்லலாம், 4.5 என்றும் சொல்லலாம். மூன்றும் பொய்யில்லை. ஆராய்ச்சியில் சராசரியோடு ஒப்பிடும் எண்ணுக்கு உபயோகம் உண்டு, மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அது காட்டும். விவசாயிக்கு வேண்டியது மூன்றாவது எண் மட்டும்தான். கடையில் யாராவது சதவீதம் சொன்னால், "எந்த ரகத்தோடு, எந்தப் பட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்ததா" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துப் பணம் போடாதீர்கள்.

உங்கள் விதையில் தப்பில்லை, நீங்கள் எடுத்த விதத்திலும் இல்லை. இரவு விளக்கமாக எழுதுகிறேன்.

மண்டிமேசை

ஒட்டன்சத்திரம் மண்டியில கணக்கு எழுதறவன் நான். அண்ணன் எங்க பக்கத்து ஆளுங்கறதால ஒரு வார்த்தை. எடையை மட்டும் பேசிக்கிட்டு இருக்கீங்க. மண்டிக்கு எடை அப்புறம்தான். கேரளாவுக்கு ஏத்துற காய் கரும்பச்சையா, ஒல்லியா, நுனியை ஒடிச்சா படக்குனு ஒடியணும். ரெண்டு நாள் பறிக்காம விட்டு முத்தினா எடை ஏறும், விலை பாதியாயிரும். இன்னொண்ணு, வரத்து கம்மியா இருக்கற வாரத்துல வந்த பத்து கிலோ, வரத்து குவியற வாரத்துல வந்த முப்பது கிலோவுக்குச் சமம். அதனால "சீக்கிரம் காய்க்கும்"னு சொல்றாங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் விளக்குங்க தங்கச்சி.

மரபியல்மாணவி

வருகிறேன் அண்ணா. முதலில் கிணத்துமேடு அண்ணாவின் ஆறு பார்.

ஒட்டு ரகச் செடி ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு மரபணு இருக்கிறது. எல்லாச் செடிக்கும் ஒரே கூட்டு. அதனால்தான் பொட்டல விதை ஒரே உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறையில் அந்தக் கூட்டு கலைந்து, சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்டது போல் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கை விழுகிறது. தாய்வழித் தாத்தா மாதிரி ஒன்று, அப்பத்தா மாதிரி ஒன்று, யாரைப் போலவும் இல்லாத ஒன்று.

சராசரியில் என்ன ஆகும்? ஒட்டின் கூடுதலில் பாதி போய்விடும். மேலே சொன்ன கணக்கில் பெற்றோர் சராசரி 350, ஒட்டு 460, கூடுதல் 110. இரண்டாம் தலைமுறைக்கு அதில் பாதி, 55 மிஞ்சும். ஆக 405. கவனித்தீர்களா, நல்ல பெற்றோரான 400-ஐவிட அது கீழே போகவில்லை. "ஒட்டு விதையைத் திரும்பப் போட்டால் ஒன்றுமே காய்க்காது" என்று பலர் சொல்வது சரியில்லை. காய்க்கும். ஆனால் ஒரே நாளில் பறிப்புக்கு வராது, காய் ஒரே மாதிரி இராது.

மஞ்சள் நோயும் அப்படித்தான். எதிர்ப்பு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருக்கலாம். அது ஒரே ஆதிக்க மரபணுவால் (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வேலை செய்யும் மரபணு) வருகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு செடி எதிர்ப்பே இல்லாமல் பிறக்கும். அந்தச் செடிகளில்தான் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் முதலில் தெரிகிறது. மஞ்சள் ஓடிய செடிகளை இன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நோய் எவ்வளவு சின்ன வயதில் பிடிக்கிறதோ அவ்வளவு நட்டம், அங்கிருந்து மற்றதற்கும் பரவும்.

விதைக்கொட்டில்

ஆத்தூர் பக்கம் பதினாறு வருசமா ஒட்டு விதை உற்பத்தி பண்றோம். முதல்ல பருத்தி, அப்புறம் வெண்டை. ரெண்டும் ஒரே குடும்பம், பூவும் ஒரே அமைப்பு, அதனால பருத்தியில பழகின கைக்கு வெண்டை சுலபமா வந்துச்சு. விதை விலை ஏன் அவ்வளவுன்னு தம்பி கேட்டாரு. பணத்தைப் பத்தி நான் பேசல, வேலையைச் சொல்றேன்.

வெண்டைப் பூவுக்கு ஆயுசு ஒரு நாள். விடியக் காலையில விரியும், மதியத்துக்குள்ள சுருங்கிரும். நாளைக்கு விரியப் போற மொட்டை இன்னைக்குச் சாயங்காலமே அடையாளம் கண்டுபிடிக்கணும். மொட்டு பெருத்து, நுனியில மஞ்சள் எட்டிப் பாக்கும். அதுதான் அடையாளம். கட்டைவிரல் நகத்தால மொட்டோட அடியைச் சுத்தி மெல்லக் கீறி, மேல்தோலையும் இதழையும் குல்லா மாதிரி சேர்த்து உருவி எடுக்கணும். உள்ள நடுவுல தண்டு மாதிரி ஒரு குழல், அதைச் சுத்திலும் மகரந்தப் பை பொடிப்பொடியா ஒட்டியிருக்கும். அத்தனையையும் நகத்தாலயே வழிக்கணும். ஒண்ணே ஒண்ணு நின்னுச்சுன்னாலும் காலையில அது வெடிச்சு, தன் மகரந்தத்திலயே சூல் பிடிச்சுரும், கலப்பு கெட்டுச்சு. அழுத்தி வழிச்சா சூல்முடி ஒடிஞ்சுரும். முனையில கருஞ்சிவப்பா அஞ்சாறு பிரிவா இருக்கும் பாருங்க, அது முழுசா நிக்கணும்.

வழிச்ச மொட்டுக்கு ஒரு சிவப்புக் காகிதக் குழல் மாட்டி விட்டுட்டா, காலையில எதுக்குப் பூசணும்னு தூரத்துலயே தெரியும். பொழுது ஏறுறதுக்குள்ள ஆண் வரிசையில, அதாவது தந்தை ரகம் நிக்கிற வரிசையில, பூப் பறிச்சுட்டு வந்து, ஒவ்வொரு சூல்முடியிலயும் தடவி, நூல் கட்டி விடுவோம். ஒரு ஆண் பூ நாலஞ்சு பெண் பூவுக்கு வரும். கை தப்பி, தானா காய்ச்ச காயை அன்னன்னைக்கே கிள்ளி எறியணும். இதுல வெண்டைச் சுணை வேற. முழுக்கைச் சட்டை போட்டாலும் மணிக்கட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும், ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித்தான் படுப்போம்.

இவ்வளவு வேலைக்கும் ஒரு நல்ல விசயம், ஒரு கலப்புக் காயில நாப்பது அம்பது விதை கிடைக்கும். ஒரு தொடலுக்கு ஒரே விதை கிடைக்கிற பயிரா இருந்தா இந்தத் தொழிலே நடக்காது.

கிணத்துமேடு

அக்கா, இதுவரைக்கும் பொட்டலத்தைக் கிழிச்சு ஊனினதோட சரி, அதுக்குப் பின்னாடி இவ்வளவு கை வேலை இருக்குன்னு நினைச்சுக்கூடப் பாக்கல. வெலை கேக்கும்போது இனிமே வாய் கூசும்.

நாட்டுவிதை

எல்லோருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் பழைய வெண்டை ரகங்களைப் பெருக்கி விதை பகிர்கிறோம். யானைத் தந்த வெண்டை, சிவப்பு வெண்டை, இன்னும் சில. விதைக்கொட்டில் அக்கா சொன்ன உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு அடிப்படைக் கேள்வி.

சோளத்தில், அதாவது மக்காச்சோளத்தில், ஒட்டு வீரியம் பெரிதாக வருவதற்குக் காரணம் அது அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தன் மகரந்தத்திலேயே இரண்டு மூன்று தலைமுறை அடைத்து வைத்தால் நலிந்துபோகும், அப்புறம் ஒட்டுச் சேர்த்தால் துள்ளி எழும். வெண்டை அப்படி இல்லை. நாங்கள் மொட்டை மூடி மூடி விதை எடுக்கிறோம், ஆறு தலைமுறையாக ஒரு நலிவும் இல்லை. தன்னிலேயே நன்றாக நிற்கும் பயிருக்கு ஆண்டுதோறும் புது ஒட்டு எதற்கு? நல்லதை ஒரு தடவை தேர்ந்து நிலைப்படுத்திவிட்டால் விவசாயி விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லையே?

மரபியல்மாணவி

ஐயா, இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான். பெரும்பகுதி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தம், கொஞ்சம் அயல் மகரந்தம். தேனீ வந்தால் அயல் கலப்பு கூடும், இடத்துக்கு இடம் மாறும். சான்று விதை வயலுக்கே மற்ற வெண்டை வயலிலிருந்து 200 மீட்டர் இடைவெளி கேட்பது அதனால்தான். தன் மகரந்தத்தில் வளர்த்தால் மக்காச்சோளம் அளவு நலியாது என்பது சரி.

அப்படியானால் வெண்டையில் வீரியம் எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மகசூல் என்பது ஒரே குணம் இல்லை. காய்களின் எண்ணிக்கையை ஒரு காயின் எடையால் பெருக்கினால் வருவது. ஒரு பெற்றோர் செடிக்கு 28 காய், காய்க்கு 10 கிராம்: 280. இன்னொன்று 14 காய், காய்க்கு 20 கிராம்: அதுவும் 280. இரண்டையும் ஒட்டினால், எந்தக் குணமும் ஆதிக்கம் செய்யாமல் சரி பாதியாக வந்தாலும் 21 காய், 15 கிராம். பெருக்கினால் 315. இரண்டு பெற்றோரைவிடவும் 12.5 சதம் கூடுதல்! மரபணுவில் எந்த மாயமும் நடக்கவில்லை, பெருக்கல் கணக்கு மட்டும்தான்.

இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று, என் சோதனைப் பாத்திகளில் நல்ல ஒட்டு என்று குறித்திருந்தவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவற்றில் பல, நிறையக் காய்க்கும் வழியையும் கனமாகக் காய்க்கும் வழியையும் சேர்த்தவை. அன்றிலிருந்து பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த எடையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

இந்த வகைக் கூடுதலில் நல்ல பங்கை, பொறுமையாகத் தேர்வு செய்தால், நிலையான ரகத்திலும் பிடித்துவைக்க முடியும். ஆதிக்க மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒன்றின் குறையை ஒன்று மூடுவதால் வரும் வீரியத்தையும், காலம் எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலும் சேர்த்துவிடலாம். ஆனால் ஒட்டில் அது ஒரே பட்டத்தில் கிடைக்கிறது, நிலைப்படுத்த ஆறேழு தலைமுறை ஆகும். அதற்குள் நோய் முகம் மாற்றிக்கொள்கிறது. என் தயக்கம் அந்த இடத்தில்தான்.

ஓய்வுதோட்டக்கலை

முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டக்கலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மாணவி நன்றாகச் சொன்னார். பழைய வரலாற்றைக் கொஞ்சம் சேர்க்கிறேன், இது நம் மண்ணோடு சேர்ந்த கதை.

வெண்டையில் ஒட்டு வீரியம் உண்டு என்று எழுதி வைத்த முதல் ஆய்வாகச் சொல்லப்படுவது விஜயராகவன், வாரியர் இருவரும் 1946-இல் இந்திய அறிவியல் மாநாட்டில் வைத்தது. காயின் அளவு, எடை, எண்ணிக்கை மூன்றிலும் ஒட்டு மேலாக வந்ததை அதில் காட்டினார்கள். ஒட்டு வீரியத்துக்கு ஹெட்டரோசிஸ் என்ற பெயரை அமெரிக்க மரபியலாளர் ஷல் சூட்டியது 1914-இல். அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுக்குள் நம்மவர்கள் வெண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு 1950-களின் கடைசியில் டெல்லி பூசா நிறுவனத்திலிருந்து பூசா சவானி வந்தது. வங்காளத்திலிருந்து வந்த ஒரு வழியையும் பூசா மக்மலியையும் ஒட்டி, பிறகு தேர்வு செய்து நிலைப்படுத்திய ரகம் அது. கிணத்துமேடு அவர்களின் தந்தை காலத்தில் நாடு முழுக்க அதுதான். மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும் என்றுதான் கொண்டாடினோம். சில ஆண்டுகளில் அந்தத் தாங்கும் திறன் போய்விட்டது. ஆடிப்பட்டத்தில் ஒரு வயல் முழுக்க எலுமிச்சை நிறத்தில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயியிடம் பேச எனக்கு வார்த்தை வரவில்லை.

பிறகு காட்டு உறவுகளிலிருந்து எதிர்ப்பை எடுத்தார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா அப்படிப் பிறந்தது. மகாராஷ்டிரத்தின் பர்பானியில் வந்த பர்பானி கிராந்தியும் காட்டு வெண்டை வழிதான். இரண்டும் நிலையான ரகங்கள், விதை எடுத்து மறுபடி போடலாம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒட்டு வழியிலும் போனது. கோ 2 என்பது ஏஇ 180, பூசா சவானி இரண்டின் ஒட்டு. கோ 3-க்குப் பெற்றோர் பர்பானி கிராந்தியும் மதுரை 1-ம். அந்த மதுரை 1 பூசா சவானியிலிருந்து சடுதிமாற்றத்தால் எடுத்தது. பின்னால் வந்த கோ ஒட்டு 1-க்கு வர்ஷா உப்ஹாரும் பிஏ 4-ம் பெற்றோர். பாருங்கள், ஒட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிலையான ரகம் நிற்கிறது. நல்ல ரகம் இல்லாமல் நல்ல ஒட்டு வராது. நாட்டுவிதை அவர்கள் செய்யும் வேலையும் மாணவி செய்யும் வேலையும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

அறிவிப்புப் பட்டியலில் அர்கா அனாமிகா ஹெக்டேருக்கு 20 டன், கோ ஒட்டு 1 ஹெக்டேருக்கு 22 டன் என்று இருக்கும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒட்டு பத்து சதம் மேல் என்று சொல்லிவிடாதீர்கள். அவை ஒரே வயலில், ஒரே பட்டத்தில் எடுத்த எண்கள் இல்லை.

மண்டிமேசை

ஐயா சொன்னது அருமை. தங்கச்சி, சீக்கிரம் காய்க்கிறது பாக்கி இருக்கு.

மரபியல்மாணவி

மறக்கவில்லை அண்ணா. முந்திக் காய்ப்பதில் கணக்கு தலைகீழ். மகசூலில் எண் கூடினால் நல்லது, இங்கே நாள் குறைந்தால் நல்லது. அதனால் எதிர்மறை வீரியத்தைத்தான் தேடுகிறோம்.

இங்கேயும் "எதைவிட" என்ற கேள்வி வருகிறது. ஒரு பெற்றோர் 38 நாளில் பூக்கிறது, மற்றது 46 நாளில். ஒட்டு 40 நாளில். சராசரி 42, அதைவிட இரண்டு நாள் முந்தியது. ஆனால் 38 நாள் பெற்றோரைவிட இரண்டு நாள் பிந்தியதுதானே? என் பாத்திகளில் "முந்திய ஒட்டு" என்று முதலில் எழுதியவற்றில் பாதிக்கு மேல், முந்திய பெற்றோரை முந்தவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டார், அதைப் பார்த்துத்தான் திருத்தினேன்.

நாள் கணக்கில் இன்னொரு சிக்கல். மாசியில் ஊனினால் ஒரு நாள், மார்கழிக் குளிரில் ஊனினால் வேறு நாள். புது விதை சீக்கிரம் முளைக்கும், பழைய விதை சுணங்கும். மூன்று நாள் முந்தி முளைத்ததை மூன்று நாள் முந்திப் பூத்ததாக எழுதிவிடுவோம். அதனால் நான் நாளோடு சேர்த்துக் கணுவையும் எண்ணுகிறேன். வெண்டை பூக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு இலைக் கணுவிலும் ஒரு பூ. முதல் பூ எந்தக் கணுவில் வந்தது என்று கீழிருந்து எண்ணுங்கள். நாலாவது ஐந்தாவது கணுவில் பூத்தால் முந்திய செடி. எட்டு, ஒன்பதுக்குப் போனால் பிந்தியது. ஒரு கணு கீழே இறங்கினால் ஒன்றிரண்டு நாள் மிச்சம். முளைப்பு முன்பின் ஆனாலும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் கணு எண் அவ்வளவாக ஆடாது.

முந்திப் பூத்தால் மட்டும் போதாது. நாலாவது கணுவில் பூத்து, பத்துப் பறிப்பில் ஓய்ந்துவிடும் செடியும் உண்டு. ஆரம்பத்திலேயே காய்ச் சுமை விழுந்து தண்டு வளராமல் நின்றுவிடும். இடைக்கணு (இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள தண்டு) குட்டையாகவும், அதனால் அதே உயரத்தில் கணு அதிகமாகவும் இருக்கும் வழியை முந்திய வழியோடு ஒட்டினால் இந்தச் சிக்கல் குறைகிறது. வெறும் உயரத்தில் வரும் வீரியம் எனக்கு வேண்டாம். ஆள் உயரச் செடியில் கை எட்டாமல் காய் முத்திப்போவதைப் பார்த்துவிட்டேன்.

விதைக்கொட்டில்

தங்கச்சி சொல்ற உயரம் எனக்கும் தெரியும். காய் பறிக்க வர்ற பொம்பளைங்க குட்டை இடைக்கணுச் செடின்னா ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சுட்டுக் கரையேறுவாங்க. அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் பொட்டலத்துலயும் போட மாட்டாங்க.

கிணத்துமேடு

பன்னெண்டு நாளா ஒண்ணும் எழுதல, மன்னிக்கணும். எண்ணிக்கிட்டு இருந்தேன். மஞ்சள் ஓடினதை அன்னைக்கே பிடுங்கிட்டேன், மொத்தம் பதினோரு செடி. அப்புறம் பொட்டல விதையில இருபது செடி, என் விதையில இருபது செடி, வரப்பு ஓரத்தை விட்டுட்டு நடுவுல எடுத்து, முதல் பூ எந்தக் கணுவுலன்னு நோட்டுல எழுதினேன்.

பொட்டல விதை: பதினேழு செடியில அஞ்சு இல்ல ஆறு. மூணுல ஏழு. அவ்வளவுதான்.

என் விதை: நாலுலயிருந்து ஒன்பது வரைக்கும் எல்லாமே இருக்கு. ஒண்ணு பத்துக்கே போயிருச்சு. மொத்தப் பறிப்புல பொட்டல விதைப் பக்கம்தான் பாருக்கு எடை கூட. மாணவி சொன்ன மாதிரி என் விதை ஒண்ணுமே காய்க்காம இல்ல, ஆனா ஒரு பறிப்புல பிஞ்சும் முத்தலும் கலந்து வருது. மண்டியில தனியா தரம் பிரிக்க வேண்டியிருக்கு.

ஆனா ஒரு செடி. மூணாவது பார், மோட்டார்க் கொட்டாய்லருந்து எண்ணினா பதினாறாவது. நாலாவது கணுவுல பூ. அதுக்கு மேல ஒரு கணு விடாம காய். இடைக்கணு ரெண்டு விரக்கடைதான். பக்கத்துச் செடியில மஞ்சள் ஓடியும் இதுல ஒரு இலைகூட மாறல. காய் கரும்பச்சை. தினமும் காலையில போய் நின்னு பாக்கறேன். இதை என்ன பண்றது?

நாட்டுவிதை

தம்பி, அதை விடாதீர்கள்! இனி அந்தச் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியைச் சாயங்காலமே நூலால் கட்டிவிடுங்கள், அல்லது சின்னத் துணிப்பை மாட்டுங்கள். தேனீ உள்ளே போகக் கூடாது. கட்டின பூவின் காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்ற விடுங்கள். காய்ந்து, வரியில் லேசாக வெடிப்பு விடும்போது எடுத்தால் போதும். எங்கள் சிவப்பு வெண்டை ஒரே ஒரு செடியிலிருந்துதான் வந்தது.

மரபியல்மாணவி

ஐயா சொன்னபடியே செய்யுங்கள் அண்ணா. ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு செடி நன்றாக நிற்பதற்கு மரபணுவும் காரணமாக இருக்கலாம், அந்த இடத்தில் எரு கொஞ்சம் கூட விழுந்ததும் காரணமாக இருக்கலாம், வெள்ளை ஈ அதன் மேல் உட்காராமல் போனதும் காரணமாக இருக்கலாம். ஒரே செடியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அதன் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தெரியும். ஆடியில் அந்த விதையைத் தனி வரிசையாக ஊனுங்கள், பக்கத்திலேயே பொட்டல விதை ஒரு வரிசை. வெள்ளை ஈ அதிகம் வரும் பட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, எதிர்ப்பு உண்மையா என்று தெரிந்துவிடும். அதன் பிள்ளைகளிலும் ஏற்ற இறக்கம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். அதிலிருந்து மறுபடி நல்லதை எடுத்து, மறுபடி மூடி, நாலைந்து பட்டம் போனால் ஒரு சீருக்கு வரும்.

முடிந்தால் அந்த விதையில் ஒரு இருபது எனக்கும் அனுப்புங்கள். என் ஒட்டுகளுக்கு முந்திய பெற்றோராக வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஓய்வுதோட்டக்கலை

தன் வயலில் எடுத்த விதையைச் சேமிக்கவும், போடவும், பகிரவும் விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வணிகப் பெயர் ஒட்டி விற்கத்தான் கூடாது. தயங்காமல் செய்யுங்கள்.

கிணத்துமேடு

நேத்துச் சாயங்காலம் நாலு மொட்டுக் கட்டினேன். முதல் மொட்டுல நூலை இறுக்கிட்டேன், நுனி ஒடிஞ்சுருச்சு. மீதி மூணும் காலையில கட்டினபடியே இருந்துச்சு, இன்னைக்கு இதழ் சுருங்கி விழுந்து, விரல் நகம் அளவுக்குப் பிஞ்சு தெரியுது.

செடிக்குச் சிவப்புத் துணி கட்டியாச்சு. பறிக்க வர்ற எல்லார்கிட்டயும், "மூணாம் பார்ல சிவப்புத் துணி கட்டின செடியில கை வைக்காதீங்க"ன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. ஆடி பொறந்ததும் இந்தச் செடி விதை ஒரு வரிசை, பொட்டல விதை ஒரு வரிசை, அர்கா அனாமிகா ஒரு வரிசை, நாட்டுவிதை ஐயா அனுப்பறதா சொன்ன யானைத் தந்த வெண்டை ஒரு வரிசை. நாலையும் ஒரே நாள்ல ஊனறேன். கணு எண்ணி, பறிப்புக்குப் பறிப்பு எடை போட்டு இங்கயே எழுதறேன். இருபது விதை கண்டிப்பா உங்களுக்கு உண்டு கண்ணு.